பித்தப்பைக் கல்: எப்போது எடுக்க வேண்டும், எப்போது விட்டுவிடலாம்?

நீங்கள் கேட்டிருப்பது சுருக்கமாக இது. முழு உடல் பரிசோதனையின்போது எடுத்த வயிற்று ஸ்கேனில் பித்தப்பையில் 8 மி.மீ. அளவில் இரண்டு கற்கள் இருப்பது தெரியவந்திருக்கிறது. சாப்பிட்ட பிறகு வயிறு உப்புவதைத் தவிர வேறு தொந்தரவு இல்லை. ஒரு மருத்துவர் உடனே எடுத்துவிடச் சொல்கிறார், இன்னொருவர் இப்போதைக்கு ஒன்றும் வேண்டாம் என்கிறார், மாத்திரையிலேயே கரைத்துவிடலாம் என்கிறார் உறவினர். பித்தப்பையை எடுத்துவிட்டால் செரிமானம் கெட்டுவிடுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கிறது.

நேரடியான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். வலியே தராமல் கிடக்கும் கல்லுக்குப் பெரும்பாலோருக்கு எந்தச் சிகிச்சையும் தேவைப்படுவதில்லை. உண்மையான பித்தப்பை வலி ஒருமுறை வந்துவிட்டால் கணக்கு மாறிவிடுகிறது. ஆகவே ஸ்கேன் அறிக்கையில் அச்சிட்டிருக்கும் மில்லிமீட்டர் கணக்கைவிட, உங்களுக்கு வந்திருப்பது எத்தகைய வலி, அல்லது வலி என்று ஒன்று வந்ததே இல்லையா என்பதுதான் முடிவைத் தீர்மானிக்கிறது. இரண்டு மருத்துவர்களும் வேறு வேறாகச் சொல்வதற்குக் காரணம், உங்கள் வயிற்று உப்புசத்தை ஒருவர் கல்லின் கணக்கில் சேர்க்கிறார், மற்றவர் சேர்க்கவில்லை என்பதாகவே இருக்கும்.

கல்லீரல் நாளொன்றுக்கு அரை லிட்டரிலிருந்து ஒரு லிட்டர் வரை பித்தநீரைச் சுரக்கிறது. கல்லீரலின் வலப்பகுதிக்கு அடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பித்தப்பையின் கொள்ளளவோ 30 முதல் 50 மி.லி. மட்டுமே. வெறும் வயிற்றோடு இருக்கும் நேரத்தில் வந்து சேரும் பித்தநீரிலிருந்து தண்ணீரையும் உப்பையும் உறிஞ்சி, பல மடங்கு அடர்த்தியாக்கித் தேக்கி வைப்பதுதான் அதன் வேலை. கொழுப்புள்ள உணவு சிறுகுடலின் தொடக்கப் பகுதியை எட்டியதும் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோன் சுரந்து, பித்தப்பையைச் சுருங்கச் செய்து, பித்தநீரைக் குடலுக்குக் கொண்டுசெல்லும் பொதுப் பித்தநாளத்தின் வாயிலில் இருக்கும் சுருக்குத்தசையைத் தளர்த்துகிறது. தேங்கியிருந்த பித்தநீர் குடலுக்குள் பாய்கிறது. பித்தநீரைத் தயாரிப்பது கல்லீரல், பித்தப்பை வெறும் சேமிப்பிடம் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கடைசிக் கேள்விக்கு அது தேவைப்படும்.

கொலஸ்டிரால் தண்ணீரில் கரையாத பொருள். பித்தநீரில் உள்ள பித்த உப்புகளும் லெசித்தினும்தான் அதைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கின்றன. கல்லீரல் அளவுக்கு மீறிக் கொலஸ்டிராலைக் கொட்டினாலோ பித்த உப்புகள் குறைந்துபோனாலோ அந்தச் சமநிலை குலைகிறது. கெட்டிப் பாகு ஆறும்போது சர்க்கரை படிகமாக இறங்குவதைப் போலக் கொலஸ்டிரால் நுண்படிகங்களாகப் பிரிகிறது. பித்தப்பை ஒழுங்காகச் சுருங்கிக் காலியாகிக்கொண்டிருந்தால் அந்தப் படிகங்கள் குடலுக்குள் அடித்துச் செல்லப்பட்டுவிடும். அது மந்தமாக இருக்கும்போது, சுவரில் சுரக்கும் கோழை போன்ற மியூசின் படிகங்களைப் பிடித்துவைத்து, முதலில் சேறு போன்ற கசடாகவும் பிறகு கல்லாகவும் ஆக்குகிறது. ரத்தத்தில் கொலஸ்டிரால் அளவு சரியாக இருக்கும்போது பித்தப்பையில் எப்படிக் கல் வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். பித்தநீருக்குள் கல்லீரல் எவ்வளவு கொலஸ்டிராலை அனுப்புகிறது என்பது வேறு, ரத்தத்தில் எவ்வளவு சுற்றுகிறது என்பது வேறு. ஒன்றை வைத்து மற்றொன்றைக் கணிக்க முடியாது.

கற்கள் எல்லாமே கொலஸ்டிரால் கற்கள் அல்ல. தாலசீமியா, அரிவாள் அணுச் சோகை போன்ற நோய்களில் சிவப்பணுக்கள் அளவுக்கு மீறி அழிவதால் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி பெருகி, கறுத்த நிறமிக் கற்கள் உண்டாகின்றன. கல்லீரல் சுருக்க நோயிலும் அவை வரும். சிறு வயதினருக்குக் கல் இருந்தால் ரத்த அணுக்களைப் பற்றி விசாரிக்க வேண்டியிருப்பது இதனால்தான். பித்தநாளத்தில் நுண்ணுயிர்த் தொற்றும் தேக்கமும் சேரும்போது பழுப்பு நிறக் கற்கள் நாளத்துக்குள்ளேயே உருவாகின்றன.

யாருக்கு வரும் என்றால், ஆண்களைவிடப் பெண்களுக்கும், நாற்பது வயதைக் கடந்தவர்களுக்கும், உடல் பருமன் உள்ளவர்களுக்கும், குடும்பத்தில் வேறு எவருக்கேனும் வந்திருப்பவர்களுக்கும் வாய்ப்பு அதிகம். ஈஸ்ட்ரோஜன் பித்தநீரில் கொலஸ்டிராலைக் கூட்டுகிறது, புரோஜெஸ்டிரோன் பித்தப்பையை மந்தமாக்குகிறது. கர்ப்ப காலத்தில் இரண்டும் உயர்ந்திருப்பதால் அப்போது கசடும் கல்லும் புதிதாகத் தோன்றுகின்றன. பட்டினி கிடந்து வேகமாக மெலிவதும் கல்லை வரவழைக்கும். வாரத்துக்கு ஒன்றரைக் கிலோவுக்கு மேல் எடை குறைப்பவர்களுக்கும், உடல் பருமனுக்காக இரைப்பை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களுக்கும் முதல் சில மாதங்களில் கல் உருவாகும் ஆபத்து கணிசமாக உயர்கிறது. செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாட்டிக் ஊசி பித்தப்பையில் படிந்து ஸ்கேனில் அசல் கல்லைப் போலவே தோன்றும், மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலும் தானாக மறைந்துவிடும். ஆகவே அண்மையில் மருத்துவமனையில் தங்கி ஊசி போட்டுக்கொண்டவர் அதை ஸ்கேன் எடுப்பவரிடம் சொல்லிவிடுவது நல்லது.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். மேலை நாடுகளில் வயதுவந்தோரில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேருக்குப் பித்தப்பையில் கல் இருக்கிறது. அவர்களில் ஐந்தில் நான்கு பேருக்கு எந்த அறிகுறியும் இல்லை. அறிகுறி இல்லாதவர்களை ஆண்டுக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில், ஓர் ஆண்டில் நூற்றுக்கு ஒன்றிலிருந்து நான்கு பேருக்குள்தான் புதிதாகத் தொந்தரவு தொடங்குகிறது, ஆண்டுகள் செல்லச்செல்ல அந்த வாய்ப்பு கூடுவதற்குப் பதிலாகக் குறைந்துகொண்டே போகிறது. இன்னும் முக்கியமானது, தொந்தரவு தொடங்கும்போது அது பெரும்பாலும் சாதாரண வலியாகவே தொடங்குகிறது. எச்சரிக்கையே இல்லாமல் நேரே பெரிய சிக்கலில் போய் முடிவது அரிது. இந்தக் காரணங்களால்தான், வலி இல்லாதவருக்கு அறுவைச் சிகிச்சையால் கிடைக்கும் நன்மை அதன் ஆபத்தைவிடக் குறைவு என்ற நிலைப்பாட்டை மருத்துவ வழிகாட்டுதல்கள் எடுத்திருக்கின்றன. நீரிழிவு இருந்தால் வலி இல்லாவிட்டாலும் எடுத்துவிட வேண்டும் என்று ஒரு காலத்தில் சொல்லிவந்தார்கள்; இன்று அப்படிச் சொல்வதில்லை.

அப்படியானால் பித்தப்பை வலி என்பது எப்படி இருக்கும்? கனமான இரவு உணவு முடித்துப் படுத்தவர் நள்ளிரவில் விழித்துக்கொள்கிறார். மேல்வயிற்றின் நடுவிலோ வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழேயோ ஓர் இறுக்கம் தொடங்கி, பதினைந்து இருபது நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறி, அங்கேயே நிலைத்து நிற்கிறது. அலை அலையாக வந்துபோவதில்லை. முதுகுக்கும் வலத் தோள்பட்டை எலும்பின் அடிப்பகுதிக்கும் பரவுகிறது. குனிந்து உட்கார்ந்து பார்ப்பார், எழுந்து நடந்து பார்ப்பார், புரண்டு படுப்பார். எந்த நிலையிலும் ஆறுதல் கிடைக்காது. ஏப்பம் வந்தாலும் மலம் கழிந்தாலும் வலி தணியாது. வியர்க்கும், குமட்டும், சிலருக்கு வாந்தியும் வரும். அரை மணி நேரத்திலிருந்து ஐந்தாறு மணி நேரம் வரை படுத்திவிட்டு, பித்தப்பையின் கழுத்தை அடைத்திருந்த கல் விலகி உள்ளே விழுந்ததும் வலி அடங்கிவிடுகிறது. காலையில் ஒன்றுமே நடக்காததுபோல வேலைக்குக் கிளம்பிவிடுகிறார். கேட்டால் ராத்திரி வாயுப் பிடிப்பு என்று சொல்கிறார். இப்படி ‘வாயு’ என்று ஒதுக்கிய இரண்டு மூன்று இரவுகளின் கதை, பொறுமையாகக் கேட்டால் பலரிடமிருந்து வெளிவரும். நீங்களும் ஒருமுறை நிதானமாக யோசித்துப் பாருங்கள். (மேல்வயிற்று வலி மாரடைப்பாலும் வரலாம், நாற்பதைக் கடந்தவர்களுக்கு, அதிலும் வியர்வையோடு வரும் முதல் வலிக்கு, இ.சி.ஜி. எடுத்துப் பார்க்காமல் பித்தப்பை என்றோ வாயு என்றோ முடிவு கட்டக் கூடாது.)

இதற்கு மாறாக, சாப்பிட்டபின் வயிறு உப்புவது, ஏப்பம், நெஞ்செரிச்சல், எண்ணெய்ப் பண்டம் ஒத்துக்கொள்ளாமை ஆகியவை கல் இல்லாதவர்களுக்கும் அதே அளவில் இருக்கின்றன. கல்லையும் உப்புசத்தையும் ஒரே வயிற்றில் பார்த்ததும் ஒன்றுக்கு மற்றொன்றுதான் காரணம் என்று முடிவுகட்டுவதுதான் இந்த நோயில் மிகவும் சகஜமான தவறு என்பது என் கருத்து. அதன் விலை அறுவைச் சிகிச்சைக்குப் பிறகுதான் தெரியும். கற்களும் வயிற்று அறிகுறிகளும் உள்ளவர்களைக் கொண்டு நெதர்லாந்தில் நடத்தி 2019இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்ட வழக்கமான சிகிச்சைக் குழுவிலும்கூட, ஓராண்டு கழித்துச் சுமார் 60 விழுக்காட்டினரே வயிற்றுவலி இல்லாமல் இருந்தார்கள். மீதிப்பேருக்கு அறுவைச் சிகிச்சை தோல்வியடைந்துவிட்டது என்பதில்லை. அவர்களில் பலரின் தொந்தரவு தொடக்கத்திலிருந்தே இரைப்பையிலிருந்தோ குடலிலிருந்தோ வந்திருக்கக்கூடும்.

சிறுநீரகக் கல்லோடு பித்தப்பைக் கல்லைக் குழப்பிக்கொள்வது இன்னொரு வழக்கம். நிறையத் தண்ணீர் குடித்தால் கல் வெளியேறிவிடும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்ததுதான். சிறுநீரகக் கல் வெளியேறினால் நிம்மதி. பித்தப்பைக் கல் வெளியேறத் தொடங்குவதுதான் ஆபத்தின் ஆரம்பம். பித்தப்பையிலிருந்து கிளம்பும் மெல்லிய நாளம் பொதுப் பித்தநாளத்தில் சேர்கிறது. பொதுப் பித்தநாளமும் கணையத்திலிருந்து வரும் நாளமும் பெரும்பாலோருக்கு ஒரே வாயில் வழியாகக் குடலுக்குள் திறக்கின்றன. பித்தப்பையைவிட்டு வெளியேறும் சிறு கல் அந்தக் குறுகிய வாயிலில் சிக்கினால் கல்லீரலும் கணையமும் சேர்ந்து பாதிக்கப்படலாம். கணைய அழற்சியைப் பொறுத்தவரை, பெரிய ஒற்றைக் கல்லைவிட ஐந்து மில்லிமீட்டருக்கும் குறைவான பொடிக்கற்கள்தான் அதிகம் அஞ்சத் தக்கவை. ‘சின்னக் கல்தானே’ என்ற ஆறுதல் இந்த இடத்தில் பொருந்தாது.

கல் பித்தப்பையின் கழுத்திலேயே விலகாமல் அடைத்து நின்றுவிட்டால் பித்தப்பை வீங்கி அழற்சி அடைகிறது. வலி ஆறு மணி நேரத்தைத் தாண்டியும் தொடரும், காய்ச்சல் வரும். மருத்துவர் வலப்பக்க விலா எலும்புகளுக்குக் கீழே விரல்களை அழுத்தி வைத்துக்கொண்டு மூச்சை ஆழமாக இழுக்கச் சொல்வார். மூச்சோடு கீழிறங்கும் வீங்கிய பித்தப்பை அவர் விரலில் பட்டதும், இழுத்த மூச்சு பாதியிலேயே சட்டென்று நின்றுவிடும். அமெரிக்க அறுவைச் சிகிச்சை நிபுணர் மர்ஃபியின் பெயரால் வழங்கும் இந்தச் சோதனை, இத்தனை கருவிகள் வந்த பிறகும் பயனுள்ளதாகவே இருக்கிறது. கல் பொதுப் பித்தநாளத்தை அடைத்தால் கண் மஞ்சளாகி, சிறுநீர் கறுத்து, மலம் வெளுத்து, உடல் அரிக்கும். அடைபட்ட நாளத்தில் தொற்றும் சேர்ந்துகொண்டால் நடுக்கத்தோடு காய்ச்சல், மஞ்சள் காமாலை, வலி ஆகிய மூன்றும் ஒன்றாக வரும். இதை 1877இலேயே பிரெஞ்சு மருத்துவர் ஷார்கோ விவரித்திருக்கிறார். இது மணிக்கணக்கில் முற்றி உயிருக்கு உலை வைக்கக்கூடியது. ஆகவே கல் இருப்பது தெரிந்தவர், வலியோடு காய்ச்சலோ மஞ்சள் நிறமோ தென்பட்டாலும், முதுகுவரை ஊடுருவும் கடும் வலி நிற்காமல் வாந்தியோடு தொடர்ந்தாலும், விடியட்டும் என்று காத்திராமல் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விட வேண்டும்.

உங்கள் ஸ்கேன் அறிக்கையை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று இடங்களைப் பாருங்கள். முதலாவது, பித்தப்பைச் சுவரின் தடிமன்: 3 மி.மீ.க்குள் இருந்தால் இயல்பு. அதற்கு மேல் தடித்து, சுற்றிலும் நீர் கோத்திருப்பதாகவும் எழுதியிருந்தால் அழற்சியைக் குறிக்கும். இரண்டாவது, சி.பி.டி. என்று சுருக்கமாகக் குறிக்கும் பொதுப் பித்தநாளத்தின் விட்டம்: பொதுவாக 6 மி.மீ. வரை இயல்பு, முதுமையில் சற்றுக் கூடுதலாக இருக்கலாம். விரிந்திருந்தால் நாளத்துக்குள் கல் இருக்கிறதா என்று தேட வேண்டும். மூன்றாவது, கல் என்று சொன்னதற்கான சான்று: உண்மையான கல் பளிச்சென்று தெரிந்து, தனக்குப் பின்னால் கரிய நிழலை விழச்செய்து, நோயாளி புரண்டு படுக்கும்போது இடம் மாறும். நிழலும் இல்லாமல் நகரவும் செய்யாமல் சுவரோடு ஒட்டியிருந்தால் அது பாலிப் எனப்படும் சதை வளர்ச்சியாக இருக்கலாம். அதற்கான கணக்கே வேறு.

பித்தப்பைக்குள் இருக்கும் கல்லைக் கண்டுபிடிப்பதில் அல்ட்ராசவுண்டை மிஞ்ச ஒன்றுமில்லை. ஆறு முதல் எட்டு மணி நேரம் சாப்பிடாமல் இருந்து எடுத்தால், நூற்றில் தொண்ணூற்றைந்துக்கு மேல் பிடித்துவிடும். சாதாரண எக்ஸ்ரேயில் கால்சியம் கலந்த கற்கள் மட்டுமே தெரியும் என்பதால் ஐந்தில் நான்கு கற்கள் தப்பிவிடுகின்றன. பொதுப் பித்தநாளத்துக்குள் இருக்கும் கல்லை அல்ட்ராசவுண்ட் அடிக்கடி தவறவிடுகிறது. குடலில் இருக்கும் காற்று அந்தப் பகுதியை மறைத்துவிடும். கல்லீரல் ரத்தப் பரிசோதனையில் பிலிருபினும் ஆல்கலைன் பாஸ்பட்டேஸும் உயர்ந்திருந்தால் எம்.ஆர்.சி.பி. என்ற எம்.ஆர்.ஐ. ஸ்கேனோ, எண்டோஸ்கோபி வழியாகச் செய்யும் அல்ட்ராசவுண்டோ தேவைப்படும். உங்களுக்கு எல்.எஃப்.டி. எனப்படும் இந்த ரத்தப் பரிசோதனையை ஒருமுறை செய்து பார்த்துவிட்டால் போதும். அது இயல்பாக இருந்தால் மேற்கொண்டு ஸ்கேன்களில் பணத்தைச் செலவிட வேண்டியதில்லை.

வலி இல்லாவிட்டாலும் எடுப்பதைப் பற்றி யோசிக்க வேண்டிய சில நிலைமைகள் உண்டு. கல் 3 செ.மீ.க்கு மேல் பெரிதாக இருப்பது, கல்லோடு பாலிப்பும் இருப்பது, பாலிப் ஒரு சென்டிமீட்டரை எட்டியிருப்பது, பித்தப்பைச் சுவரில் கால்சியம் படிந்திருப்பது ஆகியவை அவை. இவற்றில் பித்தப்பைப் புற்றுநோயின் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம் என்பதே காரணம். கல் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்கு அந்தப் புற்றுநோய் வருவதில்லை. ஆனால் சிலி நாட்டிலும் வட இந்தியாவின் கங்கைச் சமவெளியிலும் அது வழக்கத்துக்கு மாறாக அதிகம் காணப்படுவதால், அங்கெல்லாம் மருத்துவர்கள் சற்று முன்கூட்டியே அறுவைச் சிகிச்சையைப் பரிந்துரைப்பது உண்டு.

கரைக்கும் மாத்திரையைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னது முழுப் பொய் அன்று. உர்சோடிஆக்சிகோலிக் அமிலம் என்ற மருந்து, பித்தநீரில் கொலஸ்டிராலின் செறிவைக் குறைத்து, கொலஸ்டிரால் கல்லை மேற்புறத்திலிருந்து சிறுகச் சிறுகக் கரைக்கிறது. ஆனால் கல் சிறியதாகவும், கால்சியம் கலக்காததாகவும் இருக்க வேண்டும். பித்தப்பை நன்றாகச் சுருங்கி விரிய வேண்டும். ஆறு மாதத்திலிருந்து இரண்டு ஆண்டுகள் வரை மாத்திரையை நாள்தோறும் விழுங்க வேண்டும். இத்தனையும் கூடிவந்து கல் கரைந்த பிறகும், ஐந்து ஆண்டுகளுக்குள் ஏறத்தாழப் பாதிப்பேருக்குத் திரும்ப வந்துவிடுகிறது; கல்லை உண்டாக்கிய பித்தப்பையும் பித்தநீரும் அப்படியேதானே இருக்கின்றன! வலியே இல்லாத ஒருவர் இதற்காக மாத்திரை சாப்பிடுவதில் பொருளில்லை. அறுவைச் சிகிச்சையைத் தாங்க முடியாத சிலருக்கு இது பயன்படும். அதைவிட நல்ல பயன், வேகமாக எடை குறையும் மாதங்களில் புதிய கல் உருவாகாமல் தடுப்பது. நீங்கள் எடை குறைக்கப் போகிறீர்கள் என்றால் மெதுவாகக் குறையுங்கள், வேளை தவறிப் பட்டினி கிடக்காதீர்கள்.

ஆலிவ் எண்ணெயையும் எலுமிச்சைச் சாற்றையும் கலந்து, பேதி உப்பையும் சேர்த்துக் குடித்தால் மறுநாள் கற்கள் மலத்தோடு வந்து விழும் என்று பரவலாகச் சொல்கிறார்கள். பச்சை நிறத்தில் உருண்டை உருண்டையாக ஏதோ வெளிவருவது உண்மைதான். பார்த்தவர் நம்பிவிடுவதில் வியப்பில்லை. அப்படி வந்த உருண்டைகளைச் சோதித்த முடிவு 2005இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியாயிற்று. அவற்றில் கொலஸ்டிராலும் இல்லை, பிலிருபினும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம். 40 டிகிரி வெந்நீரில் பத்து நிமிடத்தில் உருகிப்போயின. குடித்த எண்ணெய் குடலுக்குள் செரிமான நொதிகளோடும் எலுமிச்சைச் சாற்றோடும் சேர்ந்து சோப்புக் கட்டியாக மாறியதுதான் அது. கல் பித்தப்பையிலேயே இருக்கிறது. மேலும், அவ்வளவு எண்ணெய் ஒரே நேரத்தில் பித்தப்பையை முழு வேகத்தில் சுருங்கச் செய்வதால், அசையாமல் கிடந்த கல் கழுத்தில் போய்ச் சிக்கவும் கூடும்.

ஒலியதிர்வால் கல்லை உடைக்கும் முறையை 1980களில் பித்தப்பைக்கும் முயன்று பார்த்தார்கள். சிறுநீரகத்தில் கொடிகட்டிய அந்த முறை, உடைந்த துண்டுகள் நாளத்தில் சிக்குவதாலும் கல் மீண்டும் வருவதாலும் பித்தப்பையில் எடுபடவில்லை.

ஆக, தொந்தரவு தரும் கல்லுக்கு நிலையான தீர்வு பித்தப்பையை அகற்றுவதுதான். கல்லை மட்டும் எடுத்துவிட்டுப் பையை விட்டுவைக்கலாகாதா என்று கேட்பவர்களுக்கு வரலாறே பதில் சொல்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அப்படித்தான் செய்துவந்தார்கள். கற்கள் திரும்பத் திரும்ப வந்தன. கல்லை உண்டாக்குவதே பைதான் என்று வாதிட்ட பெர்லின் மருத்துவர் கார்ல் லாங்கன்புக், குதிரையும் யானையும் பித்தப்பை இல்லாமலே வாழ்கின்றனவே என்பதையும் சான்றாகக் காட்டி, பிணங்களில் பயிற்சி செய்து பார்த்துவிட்டு, 1882 ஜூலையில், 16 ஆண்டுகளாக வலியால் அவதிப்பட்ட 43 வயதுக்காரர் ஒருவரின் பித்தப்பையை முதன்முதலாக முழுமையாக அகற்றினார். அதற்குப் பிறகு நூறாண்டுக் காலம் விலாவுக்குக் கீழே நீளமாகக் கீறித்தான் இதைச் செய்தார்கள். 1985 செப்டம்பரில் இன்னொரு ஜெர்மானியரான எரிக் மூஹே, சிறு துளைகள் வழியாகச் செய்யும் லேப்ராஸ்கோபி முறையில் செய்து காட்டினார். முதலில் சக மருத்துவர்களின் ஏளனம்தான் அவருக்குக் கிடைத்தது. பத்தாண்டு கழிவதற்குள் உலகமே அந்த முறைக்கு மாறிவிட்டது.

இன்று முழு மயக்கத்தில், தொப்புளிலும் மேல்வயிற்றிலும் அரை முதல் ஒரு சென்டிமீட்டர் வரையிலான நான்கு துளைகளைப் போட்டு, கரியமில வாயுவால் வயிற்றை உப்பச்செய்து, கேமரா காட்டும் திரையைப் பார்த்தபடி செய்கிறார்கள். இதில் அறுவைச் சிகிச்சை நிபுணர் மிகவும் அஞ்சுவது ஒன்றே ஒன்றுதான்: பித்தப்பையின் நாளம் என்று நினைத்துப் பொதுப் பித்தநாளத்தை வெட்டிவிடுவது. சுமார் ஆயிரத்தில் மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்த நாளம் ஏதோ ஒரு வகையில் காயப்படுகிறது. எண்ணிக்கை சிறிதாயினும் விளைவு பெரிது. அதனால்தான் பித்தப்பைக்குள் செல்பவை இரண்டே குழாய்கள், ஒன்று நாளம், மற்றொன்று ரத்தக்குழாய் என்பது கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும்வரை எதையும் வெட்டுவதில்லை என்ற விதியைக் கடைப்பிடிக்கிறார்கள். அழற்சியால் எல்லாம் ஒட்டிக்கிடந்து தெளிவு கிடைக்காவிட்டால், வயிற்றைத் திறந்து செய்வார்கள், அல்லது பித்தப்பையின் ஒரு பகுதியை மட்டும் எடுத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். வயிற்றைத் திறந்ததால் அறுவைச் சிகிச்சை தவறாகிவிட்டது என்று குடும்பத்தினர் நினைப்பதுண்டு. பெரும்பாலும் அது மருத்துவரின் நிதானத்துக்கு அடையாளம்.

சிக்கலில்லாத லேப்ராஸ்கோபி முடிந்து அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். ஓரிரு வாரங்களில் வேலைக்குப் போகலாம். முதல் இரண்டு நாட்கள் வலத் தோள்பட்டை வலித்தால் பயப்பட வேண்டாம். வயிற்றுக்குள் மிச்சமிருக்கும் வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது. வீட்டுக்கு வந்த பிறகு வலி நாளுக்கு நாள் குறைய வேண்டும். கூடினாலோ, காய்ச்சலோ மஞ்சள் நிறமோ வந்தாலோ, பித்தநீர் கசிகிறதா என்று உடனே பார்க்க வேண்டும்.

எப்போது செய்வது என்பதில் பழைய வழக்கம் மாறியிருக்கிறது. பித்தப்பை அழற்சியோடு வந்தவரை ஆன்டிபயாட்டிக் கொடுத்து ஆறவைத்து, ஆறு வாரம் கழித்து வரச்சொல்வது முன்பு வழக்கம். இப்போது, உடல்நிலை இடம் கொடுத்தால் முதல் சில நாட்களுக்குள், அதிகம் போனால் ஒரு வாரத்துக்குள் செய்துவிடுவதே நல்லது என்பது உறுதியாகியிருக்கிறது. கல்லால் வந்த லேசான கணைய அழற்சியிலும், அதே தடவை மருத்துவமனையில் இருக்கும்போதே பித்தப்பையை அகற்றிவிடுகிறார்கள். வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அடுத்த தாக்குதல் முந்திக்கொள்ளலாம். அறுவைச் சிகிச்சையைத் தாங்க இயலாத முதியவர்களுக்கு, தோல் வழியாக ஒரு குழாயைச் செருகிச் சீழையும் பித்தநீரையும் வடித்துவிடுவது உயிர்காக்கும் இடைக்கால வழி. கர்ப்பிணிகளுக்குத் தொந்தரவு கட்டுக்கடங்காவிட்டால் அறுவைச் சிகிச்சை செய்யலாம். நடு மூன்று மாதங்கள் அதற்கு மிகவும் வசதியான காலம்.

பொதுப் பித்தநாளத்தில் கல் இருந்தால், வாய் வழியாக எண்டோஸ்கோப்பைச் செலுத்தி, நாளத்தின் வாயிலை உள்ளிருந்தே சிறிது கீறி, பலூனாலோ வலைக்கூடையாலோ கல்லை இழுத்துக் குடலில் விடும் இ.ஆர்.சி.பி. முறை இருக்கிறது. வெளியே தழும்பு இல்லாததால் இதை எளிய பரிசோதனை என்று எண்ணிவிட வேண்டாம். இருபதில் ஒருவருக்கு இதனாலேயே கணைய அழற்சி வருகிறது. நாளத்தில் கல் இருப்பது தெரிந்த பிறகு எடுப்பதற்காகச் செய்வதே முறை, இருக்கிறதா என்று பார்ப்பதற்கு எம்.ஆர்.சி.பி. போதும். இ.ஆர்.சி.பி. செய்தபின் பித்தப்பையையும் எடுத்தாக வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

வலி வந்தவர்கள் எல்லோரும் மறுநாளே மேசையில் படுத்தாக வேண்டுமா என்றால், அதற்கும் இப்போது சற்றுத் தளர்வான பதில் கிடைத்திருக்கிறது. பிரிட்டனில் நடந்து 2023இல் வெளியான ஆய்வொன்றில், சிக்கலற்ற வலி உள்ளவர்களை உடனடி அறுவைச் சிகிச்சை, காத்திருத்தல் என இரு குழுக்களாகப் பிரித்தார்கள். 18 மாதங்களில் இரு குழுவினரின் வலியிலும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. காத்திருந்தவர்களில் நால்வரில் ஒருவர்தான் அதற்குள் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டார். எனினும் முதல் குழுவிலும் மூன்றில் ஒருவருக்கு அதற்குள் அறுவைச் சிகிச்சை நடக்கவில்லை என்பதால், இதை வைத்து அறுவைச் சிகிச்சையே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. ஒரே ஒருமுறை வலி வந்தவர், கல்லீரல் பரிசோதனை இயல்பாக இருந்தால், டைக்ளோஃபினாக் போன்ற வலிநிவாரணியைத் தம் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் ஏற்குமா என்று மருத்துவரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, கொழுப்பைக் குறைத்து உண்டு, பொறுத்துப் பார்ப்பதில் தவறில்லை. அடிக்கடி வந்தாலோ, ஒருமுறையேனும் அழற்சியோ காமாலையோ கணையப் பாதிப்போ வந்திருந்தாலோ தள்ளிப்போடக் கூடாது. உங்களைப் பொறுத்தவரை, முதலில் உப்புசத்துக்குத் தனியாகக் காரணம் தேடச் சொல்லுங்கள்.

இனிக் கடைசிக் கேள்வி. பித்தப்பை போன பிறகும் கல்லீரல் முன்போலவே பித்தநீரைச் சுரக்கிறது. தேங்கி நின்று ஒரேயடியாகப் பாய்வதற்குப் பதிலாக, சிறிது சிறிதாகத் தொடர்ந்து குடலுக்குள் வடிகிறது. சாதாரண அளவு கொழுப்பைச் செரிக்க அது போதும். வாழ்நாள் முழுவதும் பத்தியம் இருக்க வேண்டியதில்லை. முதல் சில வாரங்களுக்கு மட்டும் எண்ணெய்ப் பண்டங்களைக் குறைத்துக்கொண்டு, சிறிது சிறிதாகப் பலமுறை உண்டால் உடல் பழகிக்கொள்ளும். ஒரு பகுதியினருக்கு, சாப்பிட்டதும் அவசரமாகக் கழிப்பறைக்கு ஓட வைக்கும் வயிற்றுப்போக்கு வருகிறது. கூடுதலாக வடியும் பித்த அமிலங்கள் பெருங்குடலை உறுத்துவதே காரணம். பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும். மாதக்கணக்கில் நீடித்தால், ‘பித்தப்பை இல்லையென்றால் இப்படித்தான்’ என்று சகித்துக்கொண்டிருக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். பித்த அமிலங்களைப் பிடித்துவைக்கும் கொலஸ்டிரமின் என்ற தூள் மருந்து பலருக்கு நன்றாகக் கேட்கிறது. மற்ற மருந்துகள் எதையேனும் சாப்பிடுபவர் அவற்றை இந்தத் தூளுக்கு ஒரு மணி நேரம் முன்பாகவோ நான்கு முதல் ஆறு மணி நேரம் கழித்தோ எடுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் அவற்றையும் அது பிடித்துக்கொள்ளும். பித்தப்பை இல்லாதவருக்கும் அரிதாக நாளத்துக்குள் கல் உருவாகலாம் என்பதால், ஆண்டுகள் கழித்துக் காமாலையோ பழைய மாதிரி வலியோ வந்தால், ‘எனக்குத்தான் பித்தப்பையே இல்லையே’ என்று இருந்துவிடாமல் கல்லீரல் பரிசோதனை செய்து பார்த்துவிட வேண்டும்.